டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குதிகால் வலி: அச்சு எடுத்த இன்சோல் தேவையா?

பாதத்தை அச்சு எடுத்து, அளவெடுத்துச் செய்யும் இன்சோலுக்கு (ஷூவுக்குள் வைக்கும் அட்டை) இப்போதே பணம் கட்ட வேண்டாம். காலையில் வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துகிறது, பாதம் உள்பக்கம் சாய்கிறது, ஜெல் இன்சோலும் உதவவில்லை என்கிறீர்கள். ஜெல் மெத்தென்று இருக்கும், சாய்வதைத் தடுக்காது. அழுத்தினால் எளிதில் மடங்காத, குதிகாலைக் கிண்ணம்போல் பிடிக்கும் ஆயத்த இன்சோல் வாங்குங்கள். இந்த வகை வலிக்கு அது பெரும்பாலும் அச்சு எடுத்ததற்குச் சளைத்ததல்ல.

ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் ஷூ மேல்தான். இரு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் எந்த இன்சோலும் அதில் நிற்காது. ஷூவில் ஏற்கெனவே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டே புதியதை வையுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வீட்டில் டைல்ஸ் மேல் வெறுங்காலோடு நடப்பதையும் நிறுத்துங்கள். (நம் வீடுகளில் இதைச் சொன்னால் சண்டைதான். வீட்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.)

சர்க்கரை நோயோ மரத்துப்போதலோ இருந்தால், அல்லது வலிக்கும் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடியாவிட்டால், கடைக்குப் போகாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் சுகாதாரத் தொழில் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு பெற்ற பாத மருத்துவரைப் பாருங்கள். காவடிக்கு வெறுங்காலில் நடப்பதையும் அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.