மனச்சோர்வுக்குக் கெற்றமின் சிகிச்சை: தங்கச்சிக்கு வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். தங்கச்சிக்கு ஏழு வருசமாக மனச்சோர்வு. மாதம் தவறாமல் கிளினிக், மூன்று விதமான குளிசை மாற்றியும் பெரிதாகச் சுகம் இல்லை. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, கெற்றமின் என்ற மயக்க மருந்தால் மனச்சோர்வுக்குச் செய்கிற சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டு, நாக்குக்குக் கீழே வைக்கிற வில்லையைப் பார்சலில் அனுப்பட்டோ என்று கேட்கிறார். யாழ்ப்பாணத்தில் வீட்டில் வைத்துக் கொடுக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

கொடுக்க வேண்டாம். அண்ணாவுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கோ. ஆனால் அந்த மருந்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டது பொய் இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் இங்கே சத்திரசிகிச்சைத் தியேட்டரில் 31 வருசம் தாதியாக நின்றவள். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோன காலத்தில் கெற்றமின் போத்தல் எங்களுக்குப் பொன் மாதிரி. மற்ற மயக்க மருந்துகள் மூச்சை அடக்கும், பிரஷரை விழுத்தும், பக்கத்தில் இயந்திரம் வேண்டும். கெற்றமின் ஏற்றினால் பெரும்பாலும் ஆள் தன்பாட்டில் மூச்சு விடும், பிரஷரும் விழாது. இரத்தம் போன நிலையில் தூக்கிக்கொண்டு வருகிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று பாருங்கோ. 1962இல் அமெரிக்காவில் கல்வின் ஸ்ரீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மருந்து, 1970இல் அனுமதி கிடைத்ததும் வியட்நாம் போர்க்களத்துக்குப் போனது இந்தக் குணத்தினால்தான்.

சிக்கல் எல்லாம் தெளிகிற நேரத்தில். கண் திறந்திருக்கும், ஆள் இங்கே இராது. கடலுக்கு மேலால் பறந்து வந்தேன் என்று ஒரு பொடியன் சொன்னான். ஒரு மனுசி செத்துப்போன தாயோடு கதைத்துக்கொண்டு கிடந்தா. தெளிந்த பிறகு, "ஏன் மிஸி என்னை எழுப்பினனீங்கள்?" என்று கேட்டு அழுதா. சிலர் பயந்து கத்துவார்கள். எங்களுக்கு இதெல்லாம் பக்கவிளைவு. டயசிப்பாம் கொடுப்போம், லைற்றைக் குறைப்போம், பக்கத்தில் ஒருவரையும் சத்தம் போட விடமாட்டோம். எனக்கு வேலை பழக்கிய பெரிய மிஸி ஒருவர் இருந்தார். ஊசி ஏற்ற முன்னம் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட வீட்டு முத்தத்தில என்ன மரம் நிக்குது?" என்று கேட்பார். வேம்பு, விலாட்டு மா என்று சொல்லிச் சொல்லியே ஆள் மயங்கிவிடும். அப்படிப் போன ஆட்கள் தெளியும்போது கத்தியது குறைவு. நானும் கடைசி வரைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்டு வந்தேன்.

நாங்கள் அடக்கப் பார்த்த அந்த நேரத்தைத்தான் இன்றைக்கு இந்தச் சிகிச்சையில் நடுவில் வைத்திருக்கிறார்கள். அளவு தியேட்டரில் கொடுப்பதை விடக் குறைவு. நரம்பு வழியாக என்றால் 40 நிமிடமாக மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். ஆள் முழுதாக மயங்காது. கண்ணைக் கட்டி, மெல்லிய இசை போட்டு, உளவளத்துணையாளர் பக்கத்தில் இருப்பார். அதற்கு முன்னமே சில நாட்கள் இருந்து கதைத்து, எதற்காக வந்திருக்கிறோம், பயம் வந்தால் என்ன செய்வது என்று ஆயத்தப்படுத்தியிருப்பார். மருந்து இறங்கிய பிறகு, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, கண்டதையும் உணர்ந்ததையும் எடுத்துவைத்துத் திரும்பவும் கதைப்பார்கள்.

ஏன் இந்த ஓட்டம்? சாதாரண மனச்சோர்வுக் குளிசைகள் பெரும்பாலும் மூளையில் இருக்கிற செரற்றோனின் என்ற இரசாயனத்தின் வழியாக வேலை செய்கின்றன. சுகம் தெரிய நாலு, ஆறு கிழமை எடுக்கும். கெற்றமின் குளூற்றமேற் என்ற வேறொரு இரசாயனத்தின் வழியாகப் போகிறது. 2000இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கைவிரல் எண்ணிக்கை நோயாளிகளில் பார்த்தார்கள். 2006இல் அமெரிக்க அரசின் மனநல ஆராய்ச்சி நிலையம், வேறு மருந்துக்குக் கேளாத 18 பேரில் பார்த்தது. ஒரே நாளில் 71 வீதமானவர்களுக்குக் குறிப்பிடத்தக்க சுகம். ஆனால் ஒரு கிழமையாவது அது நிலைத்தது 35 வீதமானவர்களுக்குத்தான். அண்ணாவுக்கு முதல் எண்ணைத்தான் யாரோ சொல்லியிருப்பார்கள். இரண்டாவது எண்ணையும் நீங்கள் சொல்லுங்கோ. மருந்து ஒரு கதவைத் திறக்கிறது, அது சில நாளில் திரும்பச் சாத்திக்கொள்கிறது. அந்த இடைவெளிக்குள் கதைத்து, நித்திரையைச் சீராக்கி, வெளியே நடக்கத் தொடங்கினால் பலன் நீளும் என்ற எண்ணத்தில்தான் பேச்சுச் சிகிச்சையையும் சேர்க்கிறார்கள். மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளோடு ஒப்பிட்டால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தவை குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது.

தியேட்டரில் நின்ற எனக்கு மனதில் தைத்த ஆய்வு வேறொன்று. 2023இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில், சத்திரசிகிச்சைக்கு வந்த மனச்சோர்வு உள்ள 40 பேருக்கு முழு மயக்கத்தில் இருக்கும்போது பாதிப்பேருக்குக் கெற்றமின், மற்றப் பாதிக்கு வெறும் சேலைன் கொடுத்தார்கள். எது கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இரண்டு பகுதிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு சுகம். எதிர்பார்ப்புத்தான் வேலை செய்தது என்பார் சிலர், விழித்திருந்து அனுபவிக்க வேண்டும் என்பார் வேறு சிலர். எனக்குப் பெரிய மிஸியின் கைதான் ஞாபகம் வந்தது.

என் பெறாமகள் ஒருத்தி ரொறன்ரோவில் இந்தச் சிகிச்சை எடுத்தவள். இடம்பெயர்ந்து போகிற காலத்தில் அவளுக்கு ஆறு வயது. மூன்று கிழமைக்குள் ஆறு தரம் மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது தரம் எங்கள் பழைய வளவுக் கிணற்றடியில் அம்மம்மா தண்ணி இறைக்கிற துலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறாள். தமிழில் நெடுநேரம் கதைத்தாளாம். பக்கத்தில் இருந்த துணையாளர் நல்ல மனுசி, ஆனால் ஒரு சொல் விளங்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னபோது, "சின்னம்மா, எனக்கு துலா எண்டதை அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்ல" என்று என்னிடம் போனில் அழுதாள். அன்றிரவு இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். கிணறு, வேலி, அம்மம்மாவை விட்டுவிட்டுப் போன அந்த நாள். அடுத்த நாலு தரத்துக்கும் அப்படியே செய்தோம். ஆறும் முடிந்த பிறகு ஒரு மாதமளவில் நன்றாக இருந்தாள். திரும்பக் கொஞ்சம் இறங்கினாள், இன்னொரு ஊசி போட்டார்கள். இப்போது குளிசையோடும் துணையாளரோடும் வேலைக்குப் போகிறாள். கெற்றமினா, போனா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஏலாது. இரண்டும் வேண்டியிருந்தது.

இனிப் பார்சல் விசயம். கெற்றமினின் ஒரு வகையான, மூக்கில் அடிக்கிற எஸ்கெற்றமின் 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக்கூட வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில்லை. மருத்துவ இடத்தில் வைத்து எடுத்து, குறைந்தது இரண்டு மணித்தியாலம் இருத்தி, பிரஷர் பார்த்துத்தான் விடுவார்கள். பிரஷர் சடுதியாக ஏறும், தலை சுற்றும், சத்தி வரும். 2023 ஒக்ரோபரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், மருந்தகங்களில் கலந்து செய்யப்படுகிற கெற்றமினை வீட்டில் பாவிப்பது பற்றி எச்சரித்தது. வீட்டில் வாயால் எடுத்த ஒருவருக்கு மூச்சு மந்தமாகியிருந்தது, இரத்தத்தில் மருந்தின் அளவு மயக்கத்துக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. கண்டபடி தொடர்ந்து எடுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகிப் பழுதாகும், பழக்கமும் பிடிக்கும். இல்லாத குரல் கேட்கிற நோய் இருந்தவர்களுக்கு இது ஆகாது. மூச்சு நின்றுபோனால் உங்கள் வீட்டில் யார் பார்க்கிறது?

தங்கச்சிக்கு இங்கே செய்ய மிச்சம் இருக்கிறது. கிளினிக் கொப்பியை எடுத்து மூன்று குளிசையையும் ஒரு தாளில் எழுதுங்கோ: எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், ஏன் நிற்பாட்டியது. சரியான அளவில் சரியான காலத்துக்கு இரண்டு குளிசை எடுத்தும் கேளாவிட்டால்தான் மருந்துக்குக் கேளாத மனச்சோர்வு என்று பொதுவாகச் சொல்வார்கள். சனத்தில் பலர், கொஞ்சம் சுகம் தெரிந்ததும் தாங்களே விட்டுவிடுவார்கள். தைரொயிட் பார்த்ததா? இடைக்கிடை நித்திரை இல்லாமல் அளவுக்கு மிஞ்சிய உற்சாகம் வந்ததுண்டா? அப்படி என்றால் நோயே வேறு, மருந்தும் வேறு. அந்தத் தாளை மனநல வைத்திய நிபுணரிடம் நீட்டி, லிதியம் என்ற மருந்தைச் சேர்க்கலாமா, தலையில் கரண்ட் கொடுக்கிற மின்வலிப்புச் சிகிச்சை யோசிக்கலாமா, கெற்றமின் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நேராகவே கேளுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரண்ட் பிடிக்கிறது என்றவுடன் எங்கள் சனம் எழும்பி ஓடும். மயக்கத்தில் வைத்துச் செய்வது, நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, மனப்பிறழ்வு அறிகுறி இல்லாத, மருந்துக்குக் கேளாத நோயாளிகளில் இரண்டையும் ஒப்பிட்டது. கெற்றமினுக்கு 55 வீதமானவர்களும் மின்சிகிச்சைக்கு 41 வீதமானவர்களும் குணம் காட்டினார்கள். கெற்றமின் பின்னுக்கு இல்லை என்பது அதில் தெரிகிறது, மின்சிகிச்சை பலருக்குக் கேட்கிறது என்பதும் தெரிகிறது. பட்டினி கிடக்கிற, கதைக்கவே மாட்டாத நோயாளிகளுக்கு டொக்டர்மார் இன்றும் முதலில் யோசிப்பது மின்சிகிச்சையைத்தான்.

யுத்த நினைவு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும் இது உதவுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். 2014இல் நியூயோர்க்கில் 41 பேரில் பார்த்தபோது ஒரு நாளில் குறைந்தது. 2022இல் முன்னாள் படையினரிலும் பணியில் இருந்த படையினரிலும் பலமுறை கொடுத்துப் பார்த்தபோது, அந்த நினைவு நோயில் சேலைனை விட மேலாக ஒன்றும் தெரியவில்லை. அதற்கு இங்கே பேச்சுச் சிகிச்சைதான் முதல். மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்தத்துக்கு நடுவில் ஊர் ஊராக ஆட்களைப் பழக்கி வளர்த்த துறை அது. தமிழில், கிணற்றடியும் துலாவும் விளங்குகிற ஆளிடம் கதைக்கலாம்.

தங்கச்சி சாவைப் பற்றிக் கதைத்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இரவு என்றால் 1926க்கு அடியுங்கோ, அது தேசிய மனநல உதவி இலக்கம்.

அண்ணாவை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கச் சொல்லுங்கோ, தங்கச்சியோடு நேராக. மருந்தைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டு முத்தத்தில் என்ன மரம் நின்றது என்று தொடங்கட்டும்.