எட்டாம் நாள் யார் பார்ப்பார்கள்?

அன்புள்ள ஐயா,

நான் கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்தவன். பொது அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் இரண்டு வாரம் நடக்கவிருக்கும் இலவச அறுவை சிகிச்சை முகாமுக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். என் பெரியப்பாவோ, "தாளவாடியில இருக்கறவனுக்குப் பாக்க ஆளில்ல, நீ கடல் தாண்டிப் போறியாக்கும்" என்கிறார். உலகத்துக்கெல்லாம் சமமான சிகிச்சை என்று பேசுவது, பக்கத்திலிருக்கும் ஏழையிடமிருந்து நழுவும் வழிதானா?

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் பெரியப்பாவின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாளவாடியையும் ஆப்பிரிக்காவையும் அவர் எதிரெதிராக நிறுத்துவதை ஏற்க இயலவில்லை. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்பான, கட்டுப்படியாகிற அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று கணக்கிட்டது. சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் செய்யக்கூடிய மருத்துவமனையை இரண்டு மணி நேரத்துக்குள் அடைய முடிகிறதா என்பதே அந்த அறிக்கை வைத்த அளவுகோல்களுள் முதன்மையானது. தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பிரசவ வலியோடு இறங்கி வரும் பெண்ணும், உகாண்டாவின் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து வரும் பெண்ணும் அந்த அளவுகோலின் முன் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ஆகவே எங்கே போகிறீர்கள் என்பதை நான் கேட்கப் போவதில்லை. நான் மருத்துவன் அல்லன். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன். அங்கிருந்து கண்டதை மட்டும் சொல்கிறேன்.

என் தாய்மாமன் சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர். பாவு தூக்கித் தூக்கி வந்த குடலிறக்கத்தை, கூலி போய்விடும் என்பதற்காகப் பல வருடங்கள் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலை பார்த்தார். பின்னர் வெளியூரிலிருந்து வந்த ஒரு மருத்துவக் குழுவின் இலவச முகாமில் அறுவை செய்துகொண்டார். எட்டாம் நாள் தையலோரம் சிவந்து சீழ் வைத்தது. குழு அதற்குள் ஊர் திரும்பியிருந்தது. நாங்கள் அழைத்துப்போன அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே வலை வைத்தார்களா, வெறுமனே தைத்தார்களா?" என்பது. எங்களிடம் இருந்தது உள்ளங்கையளவு சீட்டு ஒன்று. அதில் தேதியும், நீல மை முத்திரையும், 'ஹெர்னியா, வலது' என்ற இரண்டு சொற்களும் தவிர வேறொன்றும் இல்லை. குடல் பிதுங்கிய இடத்தைத் தாங்க உள்ளே வைக்கும் வலை இருந்தால் வைத்தியம் ஒரு விதம், இல்லாவிட்டால் வேறு விதம் என்பதால் அந்த மருத்துவர் தவித்ததை நான் பார்த்தேன். நான் கோபப்பட்டபோது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசருங்க, ஒத்தப் பைசா வாங்கல. அவிங்களக் குத்தம் சொல்லாத கண்ணு" என்றார்.

அந்த வார்த்தை என்னை இன்றும் உறுத்துகிறது. காசு கொடுத்தவன் சண்டை போடுவான். இலவசமாகப் பெற்றவன் நன்றிக்கடனால் வாயடைத்துப் போகிறான். கேட்கத் தயங்குகிற நோயாளிக்கு அவர் கேட்காமலேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அறுவை செய்தவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறுவைக்குப் பின்னும் நோயாளியைப் பார்ப்பதெல்லாம் ஏழை நாட்டில் நடக்காது என்பார்கள். நடந்திருக்கிறது. குடலிறக்கத்துக்கு வைக்கும் வலையின் விலை கட்டுப்படியாகாத நிலையில், மகாராஷ்டிரத்துக் கிராமப்புற அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்திக் காட்டினார். நூலையும் நெசவையும் நம்பி வாழும் நமக்கு அது பெருமைதான். ஆனால் ஏழைக்கு இது போதும் என்று அது அங்கேயே விடப்படவில்லை. கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களிடம், ஏறத்தாழ ஒரு டாலர் விலையுள்ள கொசுவலைத் துணியையும் நூறு டாலருக்கு மேற்பட்ட விலையுள்ள மருத்துவ வலையையும் ஒப்பிட்டுச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விலையைவிட என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று: ஓராண்டு கழித்து, அவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரை மீண்டும் பார்த்திருந்தார்கள். உகாண்டாவின் கிராமங்களில் ஓராண்டு கழித்தும் பார்க்க முடிந்ததென்றால், சோமனூரில் எட்டாம் நாள் பார்க்க முடியாமல் போனதற்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

எனவே முகாம்காரர்களுக்கு ஒப்புதல் சொல்வதற்கு முன் எழுதிக் கேளுங்கள். நீங்கள் கிளம்பிய பின் புண்ணைப் பார்க்கப்போகும் உள்ளூர் மருத்துவர் யார், அவர் உங்களோடு மேசையருகே நிற்பாரா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், என்ன செய்தீர்கள் என்ற முழுக் குறிப்பு நோயாளியின் கையில் இருக்குமா, அவருடைய மொழியில் சம்மதம் கேட்கப்படுமா? இங்கே தனியாகச் செய்ய உங்களை அனுமதிக்காத அறுவையை அங்கே செய்யச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் போய் வாருங்கள். உள்ளூர் மருத்துவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவீர்களானால், நீங்கள் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

திரும்பி வந்ததும் பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு தாளவாடிக்கு ஒருமுறை போய், அங்கிருக்கும் மருத்துவர்களிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கு எழுதினால் இங்கேயே வெளியிடுகிறேன்.