பி.எட். படிக்கப்போகும் மகளும் சனிக்கிழமைச் செபமாலையும்

அம்மா, மரியே வாழ்க.

"வெலங்கியல் படிச்ச பிள்ள, ஒரு லேப் வேலைக்காவது போகலாம்ல டீச்சர்? பி.எட். படிச்சு ஆண்டவருக்கு ஊழியம் செய்யணும்னு நிக்கிறா. சனிக்கிழமையானா வயித்துல இருக்கிற பிள்ளைகளுக்காகச் செபம்னு கோயிலுக்கு ஓடிருதா" என்று போனில் அழுதீர்கள். அழுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. வேலை வேறு, செபம் வேறு. இரண்டும் எந்த இடத்தில் சேரலாம், எந்த இடத்தில் சேரக்கூடாது என்பதை மட்டும் பிள்ளைக்குப் புரியவைத்துவிடலாம்.

முதலில் வேலை. பி.எட். இரண்டு வருடம். அதை முடித்தால் ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியராகப் போகலாம். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்க வேண்டுமென்றால் எம்.எஸ்சி.யும் வேண்டும். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுதவேண்டும். அதில் இவளுக்கான இரண்டாம் தாள் 150 மதிப்பெண். "நம்ம சபைப் பள்ளிக்கூடம், சிறுபான்மை நிறுவனம், டெட் தேவையில்லை" என்று பங்குக் கோயிலில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, பிள்ளையை எழுதவையுங்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் டெட் கட்டாயம் என்று சொன்னபோது, சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. கையில் சான்றிதழ் இருந்தால் தீர்ப்பு எப்படி வந்தாலும் தூக்கம் கெடாது. அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

உதவிபெறும் பள்ளியில் இடம் இருக்கிறது என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: அரசு ஒப்புதல் பெற்ற பணியிடமா, நிர்வாகப் பணியிடமா? ஒரே வராந்தாவில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கும் இருவரில் ஒருவருக்கு அரசுச் சம்பளம், இன்னொருவருக்கு நிர்வாகம் கொடுப்பதுதான் சம்பளம். பல பெற்றோர் சேர்ந்தபிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். கட்டட நிதி என்று லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் வாங்கிக் கையூட்டு கொடுத்து ஏறும் வேலைக்கு ஊழியம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

இனி விசுவாசம். உங்கள் மகள் விலங்கியல் ஆசிரியர் ஆனால் பிளஸ் டூவில் 'இனப்பெருக்க நலன்' பாடம் எடுத்தே தீரவேண்டும். அதில் கருக்கலைப்பு பற்றியும் வரும். 1971 ஆம் ஆண்டுச் சட்டம், 2021 திருத்தம், 20 வாரம் வரை ஒரு மருத்துவர், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் என்று பிள்ளைகள் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அங்கே தன் விசுவாசத்துக்குச் சாட்சியம் சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகும், இவளுக்குப் பெயர் போகும். அரசியல் சட்டத்தின் 28 ஆவது பிரிவும் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில்கூடப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் உட்காரச் சொல்ல முடியாது. நம் பிள்ளையை வேறு கோயில் பூசையில் கட்டாயமாக நிற்கவைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அப்படியானால் விசுவாசத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கவேண்டுமா என்று அவள் கேட்பாள். என் கதையைச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உசிலம்பட்டிப் பக்கம் இருந்தேன். பெண் சிசுக்கொலைக்காக அந்த வட்டாரத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்ட காலம் அது. அரசு 1992 இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் அந்தக் கொடுமையால்தான். என் ஆறாம் வகுப்பில் போதும்பொண்ணு என்று ஒருத்தி. நாலாவது பெண். வருகைப்பதிவேட்டில் அவள் பெயரை வாசித்ததும் பையன்கள் "போதும் போதும்" என்பார்கள். எனக்குச் சங்கடம். அவளை மட்டும் பெயர் சொல்லாமல், "இருபத்தி மூணு" என்று எண்ணைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். இரக்கம் காட்டுவதாக நினைப்பு. ஒரு வாரம் கழித்து நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றாள். "ஏன் டீச்சர், எம்பேர மட்டும் சொல்ல மாட்டேங்கிறீக?" என்றாள்.

மறுநாள் அந்தப் பெயரை நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள். பையன்கள் சிரித்தார்கள். இரண்டு நாளில் அடங்கிவிட்டார்கள்.

அன்று முதல் செபமாலையின் மகிழ்ச்சி மறையுண்மைகளில், மரியா எலிசபெத்தைச் சந்தித்ததை நினைத்துச் சொல்லும் பத்து மணிகளை, பெற்றோர் 'போதும்' என்று நினைத்த பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொண்டேன். வகுப்பில் யாருக்கும் இது தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. உங்கள் மகளின் செபக் குழுவில், வானதூதர் மரியாவுக்கு இயேசுவின் பிறப்பை அறிவித்த மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25 தொடங்கி கிறிஸ்துமஸ் வரை, முகம் தெரியாத ஒரு கருவை மனதால் தத்தெடுத்து ஒன்பது மாதம் செபிக்கிறார்களாமே, நல்ல பழக்கம். தொடரட்டும். அந்தப் பிள்ளை பிறந்து ஆறாம் வகுப்பில் முன் பெஞ்சில் வந்து உட்காரும்போது அதற்கு எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருக்கலாம், மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கும் அதே பாசம் வேண்டும். அதற்குத்தான் பி.எட்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பள்ளி மாணவி ஒருத்தி கருவுற்றிருப்பது தெரியவந்தால், இவள் அவளைச் செபக் குழுவுக்கு அழைத்துப்போகக் கூடாது, அறிவுரையும் சொல்லக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அது போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் வரும். தெரிந்த ஆசிரியர் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், மறைத்தால் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 க்கு அழைக்கவேண்டும். பெயர் வெளியே போகக் கூடாது, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் "ஒரு பிள்ளைக்காக வேண்டுவோம்" என்று ஜாடையாகக்கூட. சின்ன ஊரில் ஜாடை போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இவள் வீட்டில் முழங்காலில் நின்று செபிக்கட்டும், யார் தடுத்தார்கள்?

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் வாருங்கள். டிகிரி மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுவாருங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. விண்ணப்பம் போடும்போது நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள்.