சங்கிலி இருக்கட்டும், அந்த மாமியார் எங்கே போனாள்?

கேள்வி: எனக்கு 43 வயது. கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடம் உழைத்து ஒரு நாவல் முடித்திருக்கிறேன். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், பதில் இல்லை. இப்போது ஒரு நிறுவனம் அட்டை, ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண், வெளியீட்டு விழா, ஃபேஸ்புக் விளம்பரம் எல்லாம் சேர்த்து 500 பிரதிக்கு 85,000 ரூபாய் கேட்கிறது. விலை 250 ரூபாய், கடைகளுக்கு 40 சதவீதம் கழிவு. 300 பக்கத்தையும் மனைவியே இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டதால், அதற்கான 9,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டுதான் இந்தத் தொகை. மனைவியின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைக்கக் கேட்டேன், மறுக்கிறாள். அவளுக்கு இலக்கிய ரசனை கிடையாது. தட்டச்சு செய்யும்போது, "இந்த மாமியார் பாதியிலேயே எங்கே போனாள்?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தவள். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது அந்த மாமியாருக்காக.

எங்கே போனாள்? எனக்கும் நீங்கள் சொல்லவில்லை. மனைவி கேட்டபோது சிரித்திருக்கிறீர்கள். பதில் தெரிந்தவர் சிரிக்க மாட்டார், சொல்லிவிடுவார். ஆறு வருடம் எழுதிய உங்களுக்கே தெரியாமல் ஒரு மனுஷி கதையிலிருந்து காணாமல் போயிருக்கிறாள். உலகத்திலேயே ஒருவர்தான் அதைக் கவனித்திருக்கிறார். அவருக்கு இலக்கிய ரசனை இல்லை என்று எனக்கே எழுதுகிறீர்கள்!

பாத்திரம் கழுவி, மகளுக்கு மறுநாள் பையை எடுத்து வைத்துவிட்டு, உங்கள் கையெழுத்தை ஒரு கண்ணாலும் திரையை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு 300 பக்கம் அடித்திருக்கிறார். உங்கள் நாவலை ஒற்று விடாமல் படித்த ஒரே வாசகி அவர்தான். மூன்று பதிப்பகங்களில் யாராவது பத்துப் பக்கம் தாண்டினார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. இவர் கடைசிப் பக்கம் வரை வந்தவர். காசு கொடுத்து அமர்த்துகிற எடிட்டர் முதலில் கேட்கிற கேள்வியைச் சும்மாவே கேட்டார். உங்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்கிறது.

அந்த 85,000 ரூபாய்க்கான பட்டியலில் எடிட்டிங் என்று ஒரு வரிகூட இல்லை, பார்த்தீர்களா? விழா இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. மாமியாரைத் தேடித் தர யாரும் இல்லை.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், ஆனால் இந்தக் கணக்கைப் போடவே இல்லை. 85,000 ரூபாயை 500 பிரதிக்கு வகுத்தால் பிரதிக்கு 170 ரூபாய். 250 ரூபாயில் கடைக்காரருக்கு 40 சதவீதம் போனால் உங்கள் கைக்கு 150. கடையில் விற்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் 20 ரூபாய் கைநட்டம். மொத்தமும் விற்றுத் தீர்ந்தால் பத்தாயிரம் போச்சு, அடகு வட்டி தனி. கடையே வேண்டாம், நேரடியாக விற்கிறேன் என்றால் முதல் தேற 340 பேர் முழு விலை கொடுக்க வேண்டும். உங்கள் கல்யாணத்தில் மொய் எழுதியவர்கள் 340 பேர் இருப்பார்களா?

புத்தகத்தில் தன் பணத்தைப் போடுகிறவர்தான் பதிப்பாளர். இங்கே போடுவது உங்கள் மனைவியின் கழுத்துச் சங்கிலி. அப்படியானால் பதிப்பாளர் அவர்தான். அந்த நிறுவனத்தார் வெறும் அச்சு ஏஜென்ட். ஐ.எஸ்.பி.என். எண்ணையும் ஏதோ பெரிய சேவை மாதிரி பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் ஐ.எஸ்.பி.என். முகமை அதை இலவசமாகவே தருகிறது. சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் சிறுகதைத் தொகுப்பை ஆயிரம் பிரதி அடித்தேன், வீட்டுக்காரரின் பி.எஃப். கடனில். மூன்று வீடு மாறினோம். மூன்று முறையும் பீரோவுக்கு முன்னால் அந்தப் பண்டல்கள்தான் லாரியில் ஏறின. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள், சும்மா. கடைசிப் பண்டலைக் கரையான் திறந்து படித்தது.

நகை விஷயத்தில் நான் பழைய காலத்து மனுஷி. வீட்டுக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் படிப்பு, இந்த இரண்டுக்குத் தவிர பெண்ணின் தங்கம் கடை ஏறக் கூடாது. அடுத்த வருடம் கழித்து மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வரும். அன்றைக்கு நாவலைக் கொண்டுபோய் ஃபீஸ் கவுண்டரில் கொடுப்பீர்களா? அவர் மறுத்ததற்கு ரசனை காரணமில்லை. வீட்டில் ஒருவராவது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புத்தகம் வர வேண்டும் என்றால் வரட்டும், சங்கிலி இல்லாமல். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சா.வும் கும்பகோணத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான். அச்சுச் செலவுக்காக ஊர் ஊராகக் கையொப்பம் சேர்த்தார். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது. இன்றைக்கு அதை ப்ரீ ஆர்டர் என்கிறார்கள். நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆபீஸ், பழைய வகுப்புத் தோழர்கள், வாட்ஸ்அப் குழு. "கட்டாயம் வாங்குறேன் சார்" என்பதெல்லாம் கணக்கில் வராது. ஜிபேயில் பணம் வந்தால்தான் பெயர் எழுத வேண்டும். ஐம்பது பேர் சேர்ந்தால் ஐம்பது பிரதி அடியுங்கள். டிஜிட்டல் அச்சில் அவ்வளவு குறைவாகவும் அடித்துத் தருவார்கள். பிரதிக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆனால் கட்டிலுக்கடியில் எதுவும் தங்காது.

ஐம்பதே சேரவில்லை என்றால் அமேசானின் கிண்டிலில் மின்நூலாகப் போடுங்கள், ஏற்றுவதற்குக் காசு கிடையாது. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அவர்களின் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்நூலை வேறெங்கும் விற்கக் கூடாது. அதைப் படித்துவிட்டுச் சம்மதம் கொடுங்கள்.

வெளியீட்டு விழா, பொன்னாடை, மேடை, அதெல்லாம் அப்புறம்.

இன்று ராத்திரி மனைவியிடம் உட்கார்ந்து, மாமியார் எந்தப் பக்கத்தில் தொலைந்தாள் என்று கேளுங்கள். இன்னும் எங்கெல்லாம் அவர் கை நின்றது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது இடமாவது சொல்வார். குறைத்துக்கொண்ட அந்த 9,000 ரூபாய் அவர் உழைத்த கூலி. சம்பளத்திலிருந்து மாதம் கொஞ்சமாக அவர் கையில் கொடுத்துவிடுங்கள், என்ன செய்தாய் என்று கேட்காமல்.

அப்புறம், திருத்தியதை மறுபடி அவரிடமே தட்டச்சுக்கு நீட்டிவிடாதீர்கள். தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு வாரம் போதும்.