ஆற்றில் வெள்ளம் வந்தால் முயலை எப்படித் தூக்கிக்கொண்டு கிளம்புவது?

கேள்வி: திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தாமிரபரணி ஆற்றையொட்டிய தெருவில் இருக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கையில் கிடைத்ததோடு அக்கா வீட்டு மாடிக்கு ஓடினோம். இப்போது பிள்ளைகள் இரண்டு முயல் வளர்க்கிறார்கள். மழைக்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

பெட்டிதான் முதல் வேலை. பூனைக்கு விற்கிற பிளாஸ்டிக் கூண்டு இருந்தால் நல்லது, இல்லையென்றால் காய்கறிக் கடையில் கேட்டு தக்காளி டிரே இரண்டு வாங்கி வாய்க்கு வாய் கவிழ்த்து, வெளிப்பக்கமாகக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள், காற்றும் வரும், கனமும் இருக்காது. அட்டைப்பெட்டி வேண்டாம். நனைந்தால் அடி பிய்ந்துவிடும்.

அந்தப் பெட்டியை இன்றைக்கே திறந்தபடி வீட்டுக்குள் வைத்து, தினமும் ஒரு வேளைத் தீனியை அதற்குள்ளேயே போடுங்கள். தண்ணீர் ஏறுகிற ராத்திரியில், கரண்டும் இல்லாமல், கட்டிலுக்கு அடியில் பதுங்கின முயலைத் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு. எலும்பு லேசு, பின்னங்காலில் பலம் அதிகம், பயந்து உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கி, துண்டால் சுற்றி எடுங்கள். உள்ளே விரிப்பது துவைக்காத பழைய துண்டாக இருக்கட்டும், தன் வாசனை இருந்தால் கொஞ்சம் அடங்கி உட்காரும். ஒன்றாகவே வளர்ந்த ஜோடி என்றால் ஒரே பெட்டி போதும், சண்டை போடுகிற கடுவன்களுக்குத் தனித்தனி.

அப்புறம் தீனி. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பட்டினி போட்டாலும் தீனியைத் திடீரென்று மாற்றினாலும் கெட்டது. அதனால் காய்ந்த அருகம்புல்லோ, நீங்கள் வழக்கமாகப் போடுகிற காய்ந்த புல்லோ, அதோடு வழக்கமான பெல்லட்டையும் (கடையில் விற்கிற குருணைத் தீனி) ஒரு வாரத்துக்கு மூடி போட்ட பெயிண்ட் வாளியில் அடைத்து வையுங்கள். வெள்ளம் வடிந்த இடத்துப் புல்லைப் பறித்துப் போடாதீர்கள், அதில் சாக்கடையும் கலந்திருக்கும். போகிற வீட்டில் பாசத்தோடு பிஸ்கட், சோறு, ஏன் அல்வாத் துண்டுகூட நீட்டுகிற மாமா ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் பழகினதாகவே இருக்கட்டும், புதுசில் சில முயல் வாயே வைக்காது.

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறப்பதாகச் செய்தி வந்தாலே பகலோடு கிளம்பிவிடுங்கள். போன இடத்தில் நாய் எட்டாத மூலையில் பெட்டியை வைத்து மூன்று பக்கம் துணியால் மறையுங்கள். மழை விட்டு வெயில் அடித்தால் தகரக் கூரைக்கடியில் வைக்காதீர்கள், 30 டிகிரிக்கு மேல் போனாலே முயலுக்குத் திணறல்.

புழுக்கையைக் கவனியுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அவசரம் என்று அர்த்தம், கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு போன் போடுங்கள், வழி இருந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டு போங்கள். வீட்டில் கிடக்கிற அமாக்ஸிசிலின் மாத்திரையை மட்டும் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், மனுசனுக்குக் கேட்கிற அந்த மருந்து முயலின் குடலைக் கெடுத்து அதைக் கொன்றேவிடும்.