வலி இல்லாத கட்டி

கேள்வி: எனக்கு வயது 24. மூன்று வாரங்களுக்கு முன் குளிக்கும்போது வலது விரையில் பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வலி சிறிதும் இல்லை. தானாகக் கரைந்துவிடும் என்று விட்டுவிடலாமா? யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: வலி இல்லை என்பதை நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு அதுவே கவலை தருகிறது. விரைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாத கட்டியாகவே தொடங்குகிறது. முதுமை வரை காத்திராமல், 15 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்களையே அதிகம் தாக்குகிறது. எனவே இந்த வாரமே சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. விரைப்பையில் நீர் கோத்தாலும், இரத்தக் குழாய்கள் புடைத்தாலும் வீக்கம் தென்படும். ஆனால் விரையிலேயே பதிந்திருக்கும் கெட்டியான கட்டியை, வேறொன்று என்று உறுதியாகும்வரை புற்றுநோயாகக் கருதிச் சோதிப்பதே மருத்துவர்களின் வழக்கம்.

வெந்நீரில் குளித்ததும் விரைப்பை தளர்ந்திருக்கும். தடவிப் பார்க்க அதுவே ஏற்ற நேரம். ஒவ்வொரு விரையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே வைத்து மெதுவாக உருட்டுங்கள். தோலுரித்த வேகவைத்த முட்டையைப் போல வழவழப்பாக இருக்க வேண்டும். பின்புறம் மென்மையான கயிறு போல ஒன்று தட்டுப்படும். அது விந்தணுக்கள் தங்கி முதிரும் குழாய், அதைக் கட்டி என்று எண்ணிப் பயந்து வருபவர்கள் உண்டு. ஒரு விரை சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பதும் இயல்பே. புதிதாகத் தோன்றும் கெட்டித்தன்மை, கனம், அடிவயிற்றில் மந்தமான வலி ஆகியவையே கவனிக்க வேண்டியவை. திடீரென்று கடும் வலி வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; அப்போது சில மணி நேரத் தாமதம்கூட விரையை இழக்கச் செய்துவிடும்.

மருத்துவர் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார். விரைப்பையில் ஊசி குத்திச் சதை எடுப்பதை வழக்கமாகத் தவிர்ப்பார்கள். புற்றணுக்கள் பரவ அது வழி செய்துவிடலாம். புற்றுநோயாகவே இருந்தாலும், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஒரு விரையை அகற்ற நேர்ந்தாலும், மற்றது நலமாக இருந்தால் இல்லறத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். சிகிச்சைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கவும் முடியும். சிறுவயதில் விரை கீழிறங்காமல் இருந்ததா என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்; அப்படி இருந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

கூச்சத்தில் வாய் வரவில்லை என்றால், ‘வலது விரையில் மூன்று வாரமாகக் கட்டி, வலி இல்லை’ என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். மற்றதை மருத்துவரே கேட்டுக்கொள்வார்.