ஈ.கோலைத் தட்டில் வளையம் தோன்றாதது குறித்து

வணக்கம். முருங்கையிலைச் சாற்றைக் கொண்டு தயாரித்த நாக (துத்தநாக) ஒட்சைட்டு நானோ துணிக்கைகள் ஸ்ரபைலோகொக்கசு பற்றீரியாவை வளர்த்த தட்டில் தெளிவான வளையத்தை, அதாவது பற்றீரியா வளராத பகுதியைக் காட்டியும், ஈ.கோலை பற்றீரியாவை வளர்த்த தட்டில் எதுவுமே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். துணிக்கைகளைக் குறை கூறுவதற்கு முன் சோதனை முறையைப் பாருங்கள்.

இத்துணிக்கைகளிலிருந்து கரைந்து வெளியேறும் நாக அயன்கள் கலத்தின் நொதியங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. அவற்றின் மேற்பரப்பில், குறிப்பாகப் புறஊதா ஒளி படும்போது, உருவாகும் ஐதரசன் பேரொட்சைட்டு போன்றவை கொழுப்பையும் புரதத்தையும் டீஎன்ஏயையும் சிதைக்கின்றன. நேரேற்றம் பெற்ற துணிக்கைகள் எதிரேற்றமுடைய கலமேற்பரப்பில் ஒட்டி மென்சவ்வைச் சேதப்படுத்துகின்றன. இந்தக் கடைசி வழிக்கு நேரடித் தொடுகை வேண்டும். தட்டிலுள்ள ஏகார் என்ற கூழிலோ துணிக்கைகள் திரண்டு, அவற்றை இடுவதற்காக அதில் வெட்டிய குழிக்குள்ளேயே தங்கிவிட, கரைந்த அயன்கள் மட்டுமே வெளியே பரவுகின்றன. ஈ.கோலைக்கு லிப்போபொலிசக்கரைட்டு (கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு) நிறைந்த வெளிமென்சவ்வும் ஒரு காப்பாக இருக்கிறது. ஆகவே வளையம் இல்லை என்பதால் கொல்லும் திறன் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஈ.கோலையைத் திரவ ஊடகத்தில், துணிக்கைகளின் வெவ்வேறு செறிவுகளில் 37 பாகை செல்சியசில் குலுக்கி வளர்த்து, பின்னர் தட்டில் பரப்பி, வளரும் பற்றீரியாக் கூட்டங்களை (கொலனிகளை) எண்ணுங்கள். துணிக்கைகளே கரைசலைக் கலங்கச் செய்வதால் கலங்கலைக் கொண்டு வளர்ச்சியை மதிப்பிடும் ஒளியடர்த்தி அளவீட்டை மட்டும் நம்ப முடியாது. அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் பொசுபேற்றுத் தாங்கற்கரைசலைத் தவிருங்கள், அது நாக அயன்களை வீழ்படிவாக்கிவிடும். துணிக்கைகளைக் கழுவ எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வேண்டாம்; அதன் கல்சியம் அவற்றைத் திரளச் செய்யும், காய்ச்சி வடித்த நீரே தேவை. இலைச்சாறு மட்டும், நாக உப்புக் கரைசல் மட்டும் என ஒப்பிடுவதற்கான இரு கட்டுப்பாட்டுச் சோதனைகளையும் கட்டாயம் வையுங்கள்.